லேசான மல்டிபிள் ஸ்களீரோசிஸ்: மருந்தை எப்போது தொடங்குவது?

கேள்வி:
கண்ணை அசைத்தாலே வலித்து, சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்த தொல்லை சில வாரங்களில் தானாகவே சரியாகிவிட்டது, ஆனால் எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையில் தழும்புகள் தெரிவதால், இது மல்டிபிள் ஸ்களீரோசிஸ் (உடலின் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) என்கிறார் மருத்துவர். இவ்வளவு லேசான நோய்க்கு இப்போதே மருந்து தேவையா?

பதில் 1:
‘லேசானது’ என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்துத்தான் சொல்ல இயலும். வெளியே அறிகுறி இல்லாதபோதும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறை உள்ளே சிதையக்கூடும். இன்றைய மருந்துகள் இழந்ததை மீட்பதில்லை, அடுத்த தாக்குதல்களைத்தான் குறைக்கின்றன. ஆகவே, நோய் உறுதியானதும் தொடங்குவதையே நரம்பியல் மருத்துவர்கள் பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள்.

பதில் 2:
செருப்பு நழுவியதுகூடத் தெரியாத அளவுக்குப் பாதம் மரத்துப்போன பிறகுதான் நான் தொடங்கினேன். தயங்கியதற்கு இன்றும் வருந்துகிறேன்.

பதில் 3:
கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். சில மருந்துகள் அப்போது ஆகாதவை. காத்திருக்க முடிவெடுத்தாலும், குறித்த இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தவறாதீர்கள்.