நேட்டால் இந்தியர் காங்கிரஸ் 1994-ல் தேர்தலில் நின்றிருக்க வேண்டுமா?

கிளேர்வுட்:
2024 தேர்தலில், இந்தியர் வாக்கை நம்பி நிற்கும் மைனாரிட்டி ஃபிரண்ட் கட்சி தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணச் சட்டமன்றத்தில் வைத்திருந்த ஒரே இடத்தையும் இழந்தது. எல்லோரும் அந்தக் கட்சியின் உட்பூசலைப் பற்றியே பேசுகிறார்கள். நான் முப்பது வருஷம் பின்னால் போகச் சொல்கிறேன். தவறு அங்கே நடந்தது.

1984 ஆகஸ்ட் 28 அன்று வெள்ளையர் அரசு இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு பிரதிநிதிகள் அவைக்குத் தேர்தல் வைத்தது. புறக்கணியுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னது நேட்டால் இந்தியர் காங்கிரஸ். பதிவு செய்த வாக்காளர்களில் சுமார் 20 சதவீதம்தான் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பு தென்னாப்பிரிக்க இந்தியர் மன்றத் தேர்தலில் சுமார் 10 சதவீதம். இப்படி மக்கள் சொல் கேட்ட ஓர் அமைப்பு, 1991 டிசம்பரில், வெள்ளையர் ஆட்சியை முடித்துவைக்க நடந்த கொடெசா பேச்சுவார்த்தை மேசையில் டிரான்ஸ்வால் இந்தியர் காங்கிரஸோடு சேர்ந்து தனி நாற்காலி போட்டு உட்கார்ந்தது. 1994 ஏப்ரலில், எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தலில், வாக்குச்சீட்டில் அதன் பெயரே இல்லை. யாருடைய பெயர் இருந்தது? அந்த 10 சதவீத மன்றத்திலும் 20 சதவீத அவையிலும் தலைமைப் பதவியில் இருந்த ராஜ்பன்சியின் புதுக் கட்சி, அதாவது மைனாரிட்டி ஃபிரண்ட்.

1994-ல் இரண்டு வாக்குச்சீட்டு: ஒன்று தேசத்துக்கு, இன்னொன்று மாகாணத்துக்கு. தேசத்துக்கு ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கு (ஏ.என்.சி.), மாகாணத்துக்கு எங்களுக்கு என்று சொல்லி நின்றிருக்கலாம். நிற்காததால் டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தும் பீனிக்ஸும் தேசியக் கட்சியின் கைக்குப் போயின. அபார்தைட் என்ற இன ஒதுக்கலைக் கொண்டுவந்த அதே கட்சியின் கைக்கு!

டுகேலா:
கிளேர்வுட் அண்ணே, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்பதை அந்த அமைப்பு செய்திருந்தால் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டதாகியிருக்கும்.

1984-ல் அவர்கள் மக்களிடம் சொன்னது என்ன? இந்தியன் என்ற முத்திரையோடு வாக்குப் போடாதே. அதைச் சொன்னதற்காக வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பே தலைவர்களைப் பிடித்து அடைத்தார்கள். நீதிமன்றம் விடுவித்ததும் மறுபடி பிடிக்க ஆணை வந்தது. செப்டம்பர் 13 அன்று ஆறு பேர் டர்பனில் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். மேவா ராம்கோபின், எம்.ஜே. நாயுடு, ஜார்ஜ் சூபர்ஷாத், பில்லி நாயர், பால் டேவிட் ஆகியோரோடு ஆறாவது ஆள் ஆர்ச்சி குமேடே. அவர் இந்தியர் இல்லை. அந்தப் போராட்டத்தின் வடிவமே அதுதான். பத்து வருஷம் கழித்து அதே ஆட்கள் "இந்தியர்களே, மாகாணத்துக்கு மட்டும் எங்களுக்குப் போடுங்கள்" என்று வந்து நின்றால் யார் நம்புவார்கள்?

1947-ல் நேட்டால் இந்தியர் காங்கிரஸின் டாக்டர் நாயக்கர், டிரான்ஸ்வால் இந்தியர் காங்கிரஸின் டாக்டர் தாதூ, ஏ.என்.சி.யின் டாக்டர் சுமா மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்தே பாதை ஒன்றுதான். ஏ.என்.சி. மீதான தடை 1990-ல் நீங்கிய பிறகு தனி அமைப்புக்கு வேலை முடிந்தது. வேலை முடிந்த அமைப்பு மறைவது வீழ்ச்சி ஆகாது.

வாக்குக்கணக்கு:
உணர்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டு இடக்கணக்கைப் பார்ப்போம்.

நம் தேர்தலில் குறைந்தபட்ச சதவீதம் என்று ஒரு வாசல் கிடையாது. மாகாண வாக்குகள் மொத்தத்தை இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வகுக்க வேண்டும். வருவதுதான் ஓர் இடத்தின் விலை. இப்போது 80 இடம், ஆக 81-ஆல் வகுத்தால் சுமார் 1.2 சதவீதம். முழு விலை கொடுத்தவர்களுக்கு முதலில் இடம். மிஞ்சும் இடங்கள் மீதி வாக்கு அதிகமாக வைத்திருப்பவர்களுக்கு. அதனால் அரை விலைகூடக் கொடுக்காத கட்சிக்கும் சில நேரம் இடம் கிடைக்கும். 2019-ல் மைனாரிட்டி ஃபிரண்ட் சுமார் 0.5 சதவீதம் வாங்கி ஓர் இடம் பிடித்தது இப்படித்தான்.

அந்தக் கட்சியின் மாகாண இடங்கள்: 1994-ல் ஒன்று, 1999, 2004, 2009 மூன்று முறையும் இரண்டிரண்டு, 2014, 2019-ல் ஒவ்வொன்று, 2024-ல் பூஜ்யம். உச்சம் 1999, சுமார் 2.9 சதவீதம். 2011 கணக்கெடுப்பில் மாகாணத்தில் இந்தியர் சுமார் 7.4 சதவீதம். ஒருவர் விடாமல் எல்லோரும் ஒரே கட்சிக்குப் போட்டாலும் ஆறு இடத்துக்கு மேல் வராது.

கிளேர்வுட் அண்ணன் வாதத்துக்கு வருகிறேன். 1994-ல் 81 இடத்தில் ஜூலு மக்களின் கட்சியான இன்காதா 41, ஏ.என்.சி. 26, தேசியக் கட்சி 9. இந்தியர் காங்கிரஸ் நின்று தேசியக் கட்சியிடமிருந்து நான்கு இடம் பிடுங்கியிருந்தாலும் இன்காதாவின் 41 அப்படியே இருந்திருக்கும். சபையில் பேச நான்கு பேர் இருந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

சிறு கட்சிக்கு மதிப்பு வருவது யாருக்கும் பெரும்பான்மை இல்லாதபோது. 2004-ல் ஏ.என்.சி. 38, இன்காதா 30. பெரும்பான்மைக்கு வேண்டிய 41-க்கு மூன்று குறைவு. ராஜ்பன்சியின் இரண்டு இடத்துக்கு விலை வந்தது, அவர் மாகாண விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்ததும் அந்தச் சட்டமன்றக் காலத்தில்தான். 2009-ல் ஏ.என்.சி. 51. அதே இரண்டு இடம், ஆனால் யாருக்கும் தேவைப்படவில்லை. கட்சியின் இறக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. 2011 டிசம்பர் 29 அன்று தலைவர் இறந்தார், குடும்பத்துக்குள் தலைமைப் போட்டி வந்து நீதிமன்றம் வரை போனது. பூசல்தான் கட்சியைக் கொன்றது என்று சொல்பவர்கள் இந்த 51-ஐப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. 2024-ல் முன்னாள் அதிபர் ஜூமாவின் எம்.கே. கட்சிக்கு 37. எதிர்ப்பக்கம் இன்காதா 15, ஏ.என்.சி. 14, ஜனநாயகக் கூட்டணி (டி.ஏ.) 11 சேர்ந்து 40. ஆட்சியை முடிவு செய்தது என்.எஃப்.பி. என்ற சிறு கட்சியின் ஒற்றை இடம். அந்த நாற்காலி நம் மக்கள் வாக்கில் வந்ததாக இருந்திருக்கலாம். முப்பது வருஷத்தில் ஓர் இடத்துக்கு அவ்வளவு விலை வந்ததே இல்லை.

பீனிக்ஸ்_வடக்கு:
நின்றிருக்கலாமா கூடாதா என்று பேசுகிறீர்கள். 1994-ல் நிற்பதற்கு அமைப்பு என்று என்ன மிச்சம் இருந்தது என்பதை யாரும் கேட்கவில்லை.

1980-களில் அந்த அமைப்பு வலுவாக இருந்ததற்குக் காரணம் வாடகை. டர்பன் மாநகராட்சி கட்டிய வீடுகள், கூடிக்கொண்டே போன வாடகை, சுவர் விரிசல், ஒழுகும் கூரை, தண்ணீர் பில். 1980-ல் டர்பன் வீட்டுவசதிப் போராட்டக் குழு உருவானது. பீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் குடியிருப்போர் சங்கங்களோடு கலப்பினத்தவர் பகுதியான நியூலேண்ட்ஸ் ஈஸ்டும் அதில் இருந்தது. 1976 வெள்ளத்தில் ஸ்பிரிங்ஃபீல்டில் டின் டவுன் என்ற தகரக் குடிசைப் பகுதியில் எல்லாவற்றையும் இழந்து பீனிக்ஸுக்கு வந்த குடும்பங்களுக்கு வாடகை என்பது அரசியல் தத்துவம் கிடையாது, மாதக் கடைசியில் சோற்றுக்கு என்ன செய்வது என்ற கேள்வி.

வீடு வீடாகப் போவது என்றால் துண்டுப் பிரசுரத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டு வருவது என்று இன்றைக்கு நினைக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வீட்டில் இருக்கும் மாலை நேரம் பார்த்து இருவர் இருவராகப் போக வேண்டும். ஒருவர் பேச, ஒருவர் எழுத. முதல் தடவை அரசியல் பேச்சே கூடாது. வாடகை ரசீதைக் காட்டச் சொல்லி, போன வருஷம் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். இரண்டாம் தடவை பதிலோடு போக வேண்டும்: மாநகராட்சிக்கு மனு போயிற்று, இந்தத் தேதியில் கூட்டம், உங்கள் தெருவிலிருந்து இத்தனை பேர் வருகிறார்கள். அந்த இரண்டாம் தடவைதான் உயிர்நாடி. பதில் இல்லாமல் மறுபடி வருகிறவனுக்கு மூன்றாம் தடவை கதவு திறக்காது. இந்திய மன்றத் தேர்தலைப் புறக்கணியுங்கள் என்று 1981-ல் சொன்னபோது மக்கள் கேட்டார்கள் என்றால், சொன்னவர்கள் ஏற்கெனவே ரசீதைப் பார்த்தவர்கள்.

கெட்டுப்போனது எங்கே? 1983-ல் அபார்தைட்டை எதிர்த்த பல அமைப்புகளின் கூட்டான யு.டி.எஃப். பிறந்தது. தேவையான அமைப்புதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தெருவில் நடந்துகொண்டிருந்த நல்ல ஆட்கள் எல்லோரும் மேலே இழுக்கப்பட்டார்கள். பத்து லட்சம் கையெழுத்து இயக்கம் என்று ஒன்று நடத்தினார்கள், இலக்கில் பாதியைக்கூட எட்டவில்லை. பிறகு கைது, வழக்கு. 1986 ஜூனில் நாடு முழுக்க அவசரநிலை. கூட்டம் போட முடியாது, ஆகவே முடிவுகள் சிலர் கையில் போய்ச் சேர்ந்தன. உள்வட்டம் ஒன்று எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற குற்றச்சாட்டு அமைப்புக்கு உள்ளேயிருந்தே எழுந்தது. ஒளிந்து வாழ்ந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. 1990-க்குப் பிறகும் அது கலையவில்லை என்பதுதான் கோளாறு. தெருக் கிளைகளை மறுபடி கூட்டித் தேர்தல் வைத்து, புது ஆட்களை மேலே கொண்டுவரவில்லை.

அதே சமயம் 1985 ஆகஸ்டில் கலவரத்துக்குத் தப்பிப் பக்கத்து இனாண்டாவிலிருந்து ஓடிவந்த இந்தியக் குடும்பங்களின் பயம் பீனிக்ஸில் அப்படியே இருந்தது. வயதானவர்களுக்கு டர்பனில் இந்தியர்கள் தாக்கப்பட்ட 1949 கலவரம் நினைவிருந்தது. தேசியக் கட்சி அந்தப் பயத்தை 1994-ல் மேடை மேடையாக விற்றது. அதற்குப் பதில் சொல்ல வாசற்படியில் உட்கார்ந்து பேசும் ஆள் வேண்டும். அந்த ஆட்களில் பாதிப் பேர் பேச்சுவார்த்தைக் குழுக்களில் இருந்தார்கள், மீதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

டுகேலா:
பீனிக்ஸ் தம்பி சொல்வதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். ஆனால் வெறும் தெருவேலையைச் சொன்னால் கதை முழுமையாகாது. 1894-ல் காந்தி தொடங்கியபோது குறைந்தபட்சச் சந்தா மாதம் 5 ஷில்லிங், வருஷத்துக்கு 3 பவுண்டு. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிக்கு முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். அரை வருஷக் கூலியை யார் கொடுப்பார்கள்? நம் தமிழ்க் கூலிக் குடும்பங்களுக்கு வாசல் சாத்தித்தான் இருந்தது. அது வியாபாரிகளின் சங்கம். 1945-ல் நாயக்கர் அணி தலைமையைக் கைப்பற்றிய பிறகுதான் தொழிலாளிகள் பெருவாரியாக உள்ளே வந்தார்கள். மறு வருஷமே, இந்தியர்கள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய நிலச்சட்டத்தை எதிர்த்து டர்பனில் கேல் தெரு முனையில் கூடாரம் அடித்துச் சிறை நிரப்பினார்கள். 1960-களில் மறுபடி படுத்தது, 1971-ல் மறுபடி எழுந்தது.

ஆக இந்த அமைப்பு படுப்பதும் எழுவதும் புதிது அல்ல. எழுந்த ஒவ்வொரு முறையும் இந்தியர்களை மட்டும் அடித்த ஒரு சட்டம் எதிரே இருந்தது. 1994-க்குப் பிறகு அப்படி ஒரு சட்டமே இல்லை. எதை எதிர்த்து எழுவது?

கிளேர்வுட்:
அக்கா, சட்டம் போனது. வாடகை போகவில்லையே! 1990-களின் கடைசியில் சாட்ஸ்வொர்த்தில் அதே மாநகராட்சி வீடுகளிலிருந்து ஏழைக் குடும்பங்களை வெளியேற்ற ஆட்கள் வந்தபோது பாத்திமா மீர் போன்ற பழைய போராளிகள் மறுபடி தெருவுக்கு வர வேண்டியிருந்தது. அங்கே தமிழ்க் குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டிலேயே ஆப்பிரிக்கக் குடும்பமும் இருந்தது. அதற்கு இனக்கட்சி தேவையில்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அமைப்பே தேவையில்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏ.என்.சி. இருக்கும்போது தனி அமைப்புக்கு வேலை முடிந்தது என்றீர்கள். அங்கே ஒரு கிளைக்குக் குறைந்தது 100 உறுப்பினர் வேண்டும், மாநாடு வந்தால் யார் பெயரை முன்மொழிவது என்பதே பேச்சு. ஒழுகும் கூரையை எந்தக் கூட்டத்தில் சொல்வது?

வாக்குக்கணக்கு:
புதுக் கட்சி தொடங்கும் யோசனை யாருக்காவது இருந்தால்: சபையில் இடம் இல்லாத கட்சி மாகாணத் தேர்தலில் நிற்க, முந்தைய தேர்தலில் ஓர் இடத்துக்குத் தேவைப்பட்ட வாக்கில் 15 சதவீத அளவுக்குக் கையெழுத்து காட்ட வேண்டும். குவாசுலு-நேட்டாலில் அது ஆயிரக்கணக்கில் வரும். வாக்காளர் பட்டியலில் இல்லாதவர் கையெழுத்து செல்லாது. ஆகவே கூடுதலாகவே சேர்க்க வேண்டும். உள்ளாட்சி வார்டில் சுயேச்சையாக நிற்க அந்த வார்டு வாக்காளர்கள் 50 பேர் கையெழுத்தும் வைப்புத்தொகையும் போதும்.

பீனிக்ஸ்_வடக்கு:
50 கையெழுத்தை ஒரே மாலையில் வாங்கிவிடலாம், அதுதான் ஆபத்து. வாங்கியவுடன் வேட்பாளர் ஆகிவிடுகிறார்கள், தோற்றதும் காணாமல் போகிறார்கள். வார்டைத் தெருத் தெருவாகப் பிரித்து, பில் தகராறு, தண்ணீர் வெட்டு, வீட்டுப் பத்திரம் கைக்கு வராதது என்று தனித்தனி நோட்டுப் போட்டு ஒரு வருஷம் நடந்த பிறகு மனுத் தாக்கல் செய்யட்டும். டுகேலா அக்கா, பக்கத்துக் குடிசைப் பகுதியும் அதே வார்டில்தான் வருகிறது. அந்த நோட்டில் அவர்கள் தெருவும் இருக்கும். அப்போது அது எந்த இனத்தின் கட்சி என்று நீங்கள் கேட்க வேண்டியிருக்காது.

டுகேலா:
அந்த நோட்டில் அவர்கள் தெருவும் இருந்தால் நானும் உங்களோடு நடக்கத் தயார். கட்சிப் பெயரில் "இந்தியர்" என்று வந்தால் மட்டும் வர மாட்டேன்.