எல்லா பக்கத்துக்கும் ஒரே கன்ஃபர்ம் பாக்ஸ்: கிளாஸ் எப்படி எழுதணும்?

ராயபுரம்_வெப்:
காசிமேட்டு மீன் மண்டிக்கு கணக்கு சைட். படகு லிஸ்ட், ஏலச் சீட்டு, ஐஸ் பாக்கின்னு மூணு பக்கத்திலும் ‘அழிக்கலாமா?’ன்னு கேட்கணும். அதுக்கு ஜாவாஸ்கிரிப்ட் கிளாஸ் (ஒரே மாதிரி வேலைக்குத் திரும்பத் திரும்ப எடுக்கிற கோட் அச்சு) ஒண்ணு இருக்கு. பாக்ஸைத் திறக்கிறப்போ ஓகே பட்டனுக்கு லிசனர் (அழுத்தினா ஓடுற கோட்) போடுது. 41ஆம் சீட்டுக்கு கேன்சல் கொடுத்துட்டு 42க்கு ஓகே கொடுத்தா ரெண்டு சீட்டும் அழியுது. ஏன்?

வண்ணை_கோடர்:
கேன்சல் கொடுத்தாலும் 41க்குப் போட்ட லிசனர் அந்த பட்டன்லயே ஒட்டிக்கிட்டு இருக்கு ப்ரோ. 42க்கு ஓகே அழுத்தினா ரெண்டும் ஓடும். ஏலக் கணக்குல இது பெரிய ஆபத்து, முதல்ல இதைச் சரி பண்ணுங்க.

கிளாஸோட வேலை கேள்வி கேட்டு ஆமா, இல்லைன்னு சொல்றது மட்டும்தான். அழிக்கிற கோட் உள்ளே வரவே கூடாது. கன்ஸ்ட்ரக்டர்ல (கிளாஸை உருவாக்கும்போது ஓடுற பகுதி) டயலாக் டேக் (பிரவுசரே தர்ற பாக்ஸ்) ஒண்ணு உருவாக்கி பாடியில சேருங்க. 2022 மார்ச்சிலிருந்து குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூணுலயும் இருக்கு. உள்ளே ஒரு ஃபார்ம், அதோட மெதட் ‘டயலாக்’. ரெண்டு பட்டனுக்கும் தனித்தனி வேல்யூ. க்ளோஸ் இவென்ட்டுக்கு லிசனர் ஒண்ணே ஒண்ணு, அதுவும் கன்ஸ்ட்ரக்டர்லயே. ‘கேள்’னு ஒரு மெதட் வாசகத்தை மாத்தி, ஷோமோடல் (பாக்ஸைத் திறக்கிற மெதட்) கூப்பிட்டு, பிராமிஸ் (பதில் பிறகு வரும்ங்கிற ஆப்ஜெக்ட்) திருப்பித் தரட்டும். பக்கத்தோட கோட்ல அவெயிட் போட்டு அந்தப் பதிலுக்குக் காத்திருந்து, ட்ரூ வந்தா மட்டும் ரிக்வெஸ்ட் அனுப்புங்க.

தண்டையார்_ஜேஎஸ்:
மேலே சொன்னதுல ஒரு குழி இருக்கு. எஸ்கேப் அழுத்தி மூடினா ரிட்டர்ன்வேல்யூ (அழுத்தின பட்டனோட வேல்யூவை டயலாக் வச்சிருக்கிற இடம்) மாறாது, போன தடவை வந்த ‘ஆம்’ அப்படியே நிக்கும். அதை நம்பினா எஸ்கேப் அடிச்சாலும் சீட்டு அழிஞ்சிடும். ஷோமோடலுக்கு முன்னாடி ரிட்டர்ன்வேல்யூவை காலி பண்ணியே ஆகணும்.

ஆட்டோஃபோகஸ் ‘வேண்டாம்’ பட்டன்ல இருக்கட்டும், கைதவறி என்டர் தட்டினாலும் ஒண்ணும் ஆகாது. படகுப் பேரை டெக்ஸ்ட்கன்டென்ட்ல போடுங்க. இன்னர்ஹெச்டிஎம்எல்ல போட்டா, பேரோட ஆன்எரர் மாதிரி இவென்ட் கோட் வச்ச டேக் ஏதாவது வந்தா அந்த கோடும் ஓடும்.

ராயபுரம்_வெப்:
ரெண்டும் போட்டாச்சு, இப்போ 42 மட்டும்தான் அழியுது. நன்றி. ஐஸ் பாக்கியை மொத்தமா அழிக்கிறப்போ மட்டும் படகு நம்பரை டைப் பண்ணச் சொல்லணும். சப்கிளாஸா (இந்த கிளாஸை நீட்டி எழுதுற இன்னொரு கிளாஸ்), ஆப்ஷனா?

வண்ணை_கோடர்:
வாசகமும் பட்டன் பேரும் மாறினா ஆப்ஷன் போதும். இங்கே நடத்தையே மாறுது, அதனால சப்கிளாஸ். அதோட கன்ஸ்ட்ரக்டர்ல முதல்ல சூப்பர் (மூல கிளாஸோட கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடுறது), அப்புறம்தான் திஸ்ஸை (இந்த ஆப்ஜெக்ட்டை) தொடலாம். மாத்திப் போட்டா எரர்.

நம்பர் டைப் பண்ற இன்புட்டுக்கு ரிக்வயர்ட் (கட்டாயம் நிரப்பணும்) கொடுத்தா ‘வேண்டாம்’ பட்டனையும் வேலிடேஷன் தடுக்கும். அந்த பட்டன்ல ஃபார்ம்நோவேலிடேட் சேருங்க. இன்னொண்ணு, இன்புட்ல என்டர் தட்டினா ஃபார்ம்ல முதல்ல இருக்கிற சப்மிட் பட்டன்தான் அழுத்தினதா ஆகும். ‘வேண்டாம்’ முன்னாடியும் ‘அழி’ பின்னாடியும் இருக்கட்டும்.