பிரிந்த காதலர்கள் மீண்டும் சந்திக்கும் படங்களில் அந்தக் கணவர் எங்கே?

செம்பூர் வாசகி எழுதிய கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பில் வாழும் சில தமிழ்க் குடும்பங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக அமர்ந்து ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றிப் பேசுவதை வழக்கமாக வைத்திருக்கிறோம். இம்முறை பிரேம்குமார் இயக்கத்தில் 2018ஆம் ஆண்டு வெளியான '96' படத்தைப் பார்த்தோம். தஞ்சாவூரில் பத்தாம் வகுப்போடு பிரிந்துபோன ராமும் ஜானுவும் 22 ஆண்டுகள் கழித்துச் சென்னையில் நடக்கும் பழைய மாணவர் கூடுகையில் சந்தித்து, விடியும்வரை பேசி, விமான நிலையத்தில் விடைபெறும் கதை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கும். படம் முடிந்தபோது கண் கலங்காதவர்கள் யாருமில்லை.

எங்களோடு அமர்ந்து படம் பார்த்த, மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட பக்கத்து வீட்டு அம்மையார் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பெண்ணுக்குச் சிங்கப்பூரில் கணவர் இருக்கிறார், மகள் இருக்கிறாள். அந்தக் கணவர் எப்படிப்பட்டவர் என்று படம் ஏன் சொல்லவே இல்லை?" என்றார். ஒருவர் அது கதைக்குத் தேவையில்லை என்றார். மற்றொருவர் சொல்லியிருந்தால் படமே கெட்டுப்போயிருக்கும் என்றார். இரண்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. பழைய காதலர்கள் இருவர் மீண்டும் சந்திக்கும்போது அந்தச் சந்திப்பின் எடை முழுவதும் மூன்றாவதாக ஒருவர் இருப்பதிலிருந்துதானே வருகிறது? அவர் இல்லையென்றால் இருவரும் திருமணம் செய்துகொண்டு போய்விடலாம், அங்கே கதையே இல்லை. அப்படி இருக்க, அவரைக் காட்டாமல் விடுவது நுட்பமா, அல்லது கடினமான பகுதியைத் தாண்டிச் செல்வதா? மூன்றாமவருக்கு உரிய இடம் கொடுத்த படங்கள் எவை? அடுத்த மாதம் அவற்றில் ஒன்றைத் திரையிட விரும்புகிறேன். பலரும் கூடிப் பார்ப்பதால் தமிழ்ப் படமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

மாட்டுங்கா முதியவர் எழுதிய பதில்:

அம்மா, உங்கள் கேள்விக்கான பதிலை ஸ்ரீதர் 1962ஆம் ஆண்டிலேயே படமாக எடுத்துவிட்டார் என்பது என் எண்ணம். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் கதை ஏறத்தாழ முழுவதும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிறது. நுரையீரல் புற்றுநோயால் வாடும் கணவனை அழைத்துக்கொண்டு சீதை அங்கே வருகிறாள். சிகிச்சை செய்ய வேண்டிய மருத்துவரோ அவளை முன்பு காதலித்த முரளி. கணவன் வேணுவாக முத்துராமனும், சீதையாகத் தேவிகாவும், மருத்துவராகக் கல்யாண்குமாரும் நடித்தார்கள். பழைய காதலனின் கையில் கணவனின் உயிரை ஒப்படைக்க வேண்டிய நிலையில் ஒரு பெண்ணை நிறுத்திய பிறகு, அந்தக் கணவனைத் திரைக்கு வெளியே வைக்க முடியுமா?

வேணுவை ஸ்ரீதர் வெறும் நோயாளியாகக் கட்டிலில் படுக்கவைத்துவிடவில்லை. பழைய உறவு தெரிய வரும்போது அவன் கத்தவில்லை, சந்தேகப்படவில்லை. தான் பிழைக்காவிட்டால் மருத்துவரை மணந்துகொள் என்று மனைவியிடமே சொல்கிறான். அதற்கு அவள் தரும் விடைதான் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில் சுசீலா பாடிய 'சொன்னது நீதானா'. அந்தப் பாட்டைத் தனியாகக் கேட்பவர்கள் அதைக் காதலனிடம் முறையிடும் பாட்டு என்று எண்ணிவிடுவதுண்டு. கட்டிலில் கிடக்கும் கணவனைப் பார்த்துத்தான் அவள் அதைப் பாடுகிறாள் என்பது தெரிந்ததும் ஒவ்வொரு வரியின் கனமும் கூடிவிடுகிறது. சிகிச்சை தவறினால் வேண்டுமென்றே தவறவிட்டான் என்ற பழி வருமே என்ற அச்சம் மருத்துவருக்கு. காதலனின் நேர்மையை நம்புவதா வேண்டாமா என்ற தவிப்பு மனைவிக்கு. தான் இருப்பதே இருவருக்கும் தடையோ என்ற வேதனை கணவனுக்கு. மூன்று பேரும் நல்லவர்கள் என்பதால்தான் அந்தப் படம் நெஞ்சைப் பிழிகிறது.

இதே படத்தை அடுத்த ஆண்டே ஸ்ரீதர் இந்தியில் 'தில் ஏக் மந்திர்' என்ற பெயரில் எடுத்தார். அதில் கணவனாக ராஜ்குமார் நடித்தார். உங்கள் மராத்திக்கார அம்மையாருக்கு அந்த இந்திப் படம் முன்பே தெரிந்திருக்கவும் கூடும். அவர் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு சிறு ஊகம் தோன்றுகிறது.

டோம்பிவிலி ரசிகன் எழுதிய பதில்:

முதியவர் ஐயா சொன்னதை மதித்தே மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன். '96' படம் கணவரை மறந்துவிடவில்லை, தெரிந்தேதான் விலக்கி வைத்திருக்கிறது. கணவரை நல்லவராகக் காட்டினால், அந்த இரவில் ஜானு விழித்திருந்து பேசும் ஒவ்வொரு நொடியும் அவருக்கு இழைக்கும் அநீதியாக நமக்குத் தோன்றத் தொடங்கிவிடும். கெட்டவராகக் காட்டினாலோ அவள் ராமோடு போய்விடுவதே சரி என்று நாம் தீர்ப்புச் சொல்லத் தொடங்குவோம். இரண்டில் எதைச் செய்தாலும் பார்வையாளர்கள் நீதிபதிகளாகிவிடுவார்கள். தன் வாழ்க்கையில் குறையில்லை என்ற அளவுக்கு ஜானுவைச் சொல்லவைத்து, அதற்கு மேல் அந்த வீட்டுக் கதவைத் திறக்காமல் விட்டதால்தான் நம்மால் அந்த இருவரையும் மட்டும் பார்க்க முடிகிறது.

மின்சாரம் போகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பள்ளியில் படித்த காலமெல்லாம் ராம் ஒரே ஒரு பாட்டைப் பாடச் சொல்லி ஏங்குகிறான். வேறு எதையெல்லாமோ பாடும் ஜானு அதை மட்டும் பாடுவதில்லை. 1991ஆம் ஆண்டு இளையராஜா இசையமைத்த 'தளபதி' படத்துப் பாட்டு அது. 22 ஆண்டுகள் கழித்து, அவனுடைய வீட்டில், இருட்டில், இசைக்கருவி எதுவும் இல்லாமல் அவள் 'யமுனை ஆற்றிலே' என்று தொடங்கும்போது, அவன் உள்ளே இருந்து தட்டுத்தடுமாறி ஓடி வருகிறான். அவள் தந்தது அவ்வளவுதான், ஒரு பாட்டு. அந்த இருட்டில் கணவரின் முகம் நமக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பாட்டை நம்மால் கேட்டிருக்க முடியாது.

ராமின் மாணவிகள் ஜானுவை அவன் மனைவி என்று தவறாக எண்ணிக்கொள்ளும்போது அவள் மறுக்காமல், கல்லூரியில் நடக்காமல் போன சந்திப்பை நடந்ததாகவே சொல்லிக்கொண்டு போகும் காட்சியும் அப்படிப்பட்டதுதான். அவள் கற்பனையில் கட்டும் அந்த இல்லறம் சில நிமிடங்களில் கலைந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும், ராமுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

கணவர் திரையில் வராமலேயே படம் முழுவதும் நிறைந்திருப்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. ரிதுபர்ணோ கோஷ் 2004ஆம் ஆண்டு இந்தியில் எடுத்த 'ரெயின்கோட்' படத்தில், வேலையிழந்து கடன் கேட்டுக் கொல்கத்தா வரும் மனோஜ், மழை பெய்யும் ஒரு பிற்பகலில் பழைய காதலி நீருவின் வீட்டுக்குப் போகிறான். தான் செழிப்பாக இருப்பதாக அவன் பொய் சொல்கிறான், அவளும் தன் கணவரின் செல்வத்தைப் பற்றிப் பொய் சொல்கிறாள். அந்தக் கணவரை நாம் ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை. ஆனால் சன்னல்கள் மூடிய அந்த இருண்ட வீடே அவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லிவிடுகிறது. நீரு வெளியே போன நேரத்தில் வீட்டு உரிமையாளர் வந்து உண்மையை உடைத்ததும் மனோஜ் என்ன செய்கிறான், அவனுடைய மழைக்கோட்டுப் பையில் அவள் எதை வைத்து அனுப்புகிறாள் என்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். அடுத்த மாதம் இதைத் திரையிடலாம் என்பது என் பரிந்துரை.

சயான் கோட்டை அருகிலிருந்து ஒரு வாசகி எழுதிய பதில்:

இருவரும் கணவரைப் பற்றியே பேசுகிறீர்கள். மனைவியை யாரும் நினைக்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தங்கர் பச்சான் இயக்கிய 'அழகி' 2002ஆம் ஆண்டு வந்தது. சிற்றூரில் ஒன்றாகப் படித்து, மனத்தளவில் ஒருவரையொருவர் விரும்பிப் பிரிந்த சண்முகமும் தனலட்சுமியும் பல ஆண்டுகள் கழித்துச் சென்னையில் சந்திக்கிறார்கள். அதற்குள் அவன் வீடு, வேலை, மனைவி, குழந்தைகள் என்று நிலைபெற்றுவிட்டான். அவளோ கணவனை இழந்து, மகனோடு தெருவோரத்தில் வாழ்கிறாள். அவளை அவன் தன் வீட்டுக்கு அழைத்து வருகிறான், ஆனால் வீட்டு வேலைக்காரியாக. மனைவி வளர்மதிக்கு உண்மை தெரியாது. தான் விரும்பியவள் தன் வீட்டில் பாத்திரம் துலக்குவதைப் பார்த்துக்கொண்டு உணவு மேசையில் அவன் அமர்ந்திருக்க வேண்டியிருக்கிறது. பார்த்திபனும் நந்திதா தாஸும் கண்களாலேயே நடித்த அந்தப் பகுதிகளுக்கு இணையாக, சந்தேகம் மெல்ல உறுதியாகும்போது தேவயானியின் முகத்தில் ஏற்படும் மாற்றத்தையும் நான் மதிக்கிறேன். அந்த மனைவி கொடியவள் அல்லள், அவளுக்குக் கோபப்பட முழு உரிமையும் இருக்கிறது, அந்த உரிமையைப் படம் அவளுக்குக் கொடுக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விமானத்தில் வந்து விமானத்தில் திரும்பிச் செல்லக்கூடியவர்கள் ஓர் இரவு சந்தித்துப் பிரிவது ஒரு வகைத் துயரம். மும்பையில் எத்தனையோ வீடுகளில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கும் ஓர் ஊர் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, அங்கே அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்ற யாரோ ஒருவனும் இருந்திருக்கக்கூடும். அவர்களுடைய மறுசந்திப்பு எப்படி இருக்கும் என்று கேட்ட படம் எனக்குத் தெரிந்து 'அழகி' மட்டுமே. சாதனா சர்கம் பாடிய 'பாட்டுச் சொல்லி பாடச் சொல்லி' பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தப் பெண்ணின் நிலையை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

மேலும், டோம்பிவிலித் தம்பிக்கு ஒரு கேள்வி. '96' படத்தில் ராம் திருமணம் செய்துகொள்ளாமல் இருப்பதைப் புனிதமாகக் கருதி நாம் உருகுகிறோம். திருமணமாகி, மகளை வளர்த்து, தன் கடமைகளைச் செய்துகொண்டே அதே காதலை யாரிடமும் சொல்லாமல் 22 ஆண்டுகள் சுமந்த ஜானுவின் பங்கு அதைவிடக் குறைந்ததா? அவள் தினமும் யாரோடு உணவு உண்கிறாள், யாரிடம் சிரித்துப் பேசுகிறாள் என்பதைக் காட்டியிருந்தால்தானே அந்தச் சுமை நமக்குத் தெரிந்திருக்கும்? செம்பூர் சகோதரியின் பக்கத்து வீட்டு அம்மையார் கேட்டது கணவரைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும், அது ஜானுவைப் பற்றிய கேள்வி என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

முலுண்ட் மாணவன் எழுதிய பதில்:

கணவரை எதிரே உட்காரவைத்து எடுத்த படம் ஒன்றைச் சொல்கிறேன். செலின் சாங் இயக்கிய முதல் படமான 'பாஸ்ட் லைவ்ஸ்' 2023ஆம் ஆண்டு வெளியானது. கொரியாவில் சிறுவயதில் ஒன்றாகப் படித்த நோராவும் ஹே சங்கும், அவளுடைய குடும்பம் நாட்டைவிட்டுப் போனதால் பிரிகிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவன் அவளைப் பார்க்க நியூயார்க் வருகிறான். ஒரு மதுக்கூடத்தில் நடுவில் அவள், ஒரு பக்கம் அவன், மறுபக்கம் அவள் கணவர் ஆர்தர். அவள் கொரிய மொழியில் பேசத் தொடங்கியதும் உடல் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. கணவர் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். அவள் தூக்கத்தில் பேசுவதெல்லாம் கொரிய மொழியில்தான் என்றும், தன்னால் போக முடியாத ஓரிடம் அவளுக்குள் இருக்கிறது என்றும் முன்பு ஒரு காட்சியில் அவர் சொல்லியிருப்பார். ஹே சங்குக்கும் அந்தக் கணவரைப் பிடித்துவிடுகிறது, அதுவே அவனுக்கு வலியாகவும் ஆகிறது. அவனை வழியனுப்பிவிட்டு வரும் நோரா, வாசலில் காத்திருக்கும் கணவரின் தோளில் சாய்ந்துதான் அழுகிறாள். டோம்பிவிலி அண்ணன் அஞ்சியதுபோல நான் அங்கே நீதிபதியாகவில்லை; மூவரில் யாருக்காக வருந்துவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

குல்சாரின் 'இஜாஸத்' (1987) படத்தையும் மறக்க வேண்டாம். மணமுறிவு பெற்ற இருவர் மழை இரவில் ஒரு ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் சந்தித்து விடியும்வரை பேசுகிறார்கள். அவளுக்கு மறுமணம் ஆகிவிட்டது என்பது இறுதியில் புதிய கணவர் நேரில் வந்து நிற்கும்போதுதான் முதல் கணவராக நடித்த நசீருத்தீன் ஷாவுக்குத் தெரிகிறது. அந்தப் புதிய கணவராகச் சசி கபூர் வருவது சில நிமிடங்கள்தான். அதுவரை நாம் பார்த்த இரவு முழுவதும் அந்தச் சில நிமிடங்களில் வேறு பொருள் கொள்கிறது.

செம்பூர் வாசகி மீண்டும் எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. மாட்டுங்கா ஐயாவின் ஊகம் சரிதான். பக்கத்து வீட்டு அம்மையாரிடம் கேட்டேன், 'தில் ஏக் மந்திர்' படத்தைச் சிறுவயதில் பெற்றோருடன் பார்த்ததாகச் சொன்னார்.

டோம்பிவிலித் தம்பியின் வாதம் '96' படத்தைப் பொறுத்தவரை எனக்கு ஏற்புடையதாகவே இருக்கிறது. கணவர் வந்திருந்தால் அந்தப் பாட்டை நாம் கேட்டிருக்க முடியாது என்று அவர் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் சயான் சகோதரி கேட்டதற்கும் என்னிடம் மறுப்பு இல்லை. ஜானு திரும்பிச் சென்ற வீட்டில் மறுநாள் காலை எப்படி விடிந்திருக்கும் என்பதை அந்தப் படத்தால் சொல்ல முடியாது, வேறு படங்களிடம்தான் கேட்க வேண்டும். ஆகவே அடுத்த மாதம் 'அழகி' திரையிடுகிறோம். அதற்கடுத்த மாதம் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. எங்கள் குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் சிலரையும் 'அழகி' பார்க்க அழைக்கலாம் என்று என் மகள் சொல்கிறாள்; அவர்களுக்கு வசதியான நேரம் பிற்பகல் 3 மணிக்கு மேல் என்பதால் அன்று திரையிடலை மாலைக்கு மாற்றியிருக்கிறோம். செம்பூர்ப் பக்கம் வரக்கூடியவர்கள் தனிச்செய்தி அனுப்பினால் முகவரி தருகிறேன்.