வெயிலுக்குப் பழம் கொடுக்கும்போது சீனியும் சுசுவும் எதற்கு?

தண்ணீர்மலைக்காரி:

மார்ச் மாதத்துப் பினாங்கு ஜோர்ஜ் டவுன் வெயில் எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எங்கள் அடுக்குமாடியில் மாதம் ஒரு ஞாயிறு பிள்ளைகளைக் கீழே விளையாட விட்டு, ஆளுக்கொன்று செய்து கொண்டுவந்து மேசையில் வைப்போம். இந்த முறை பார்த்ததில் மனசே ஆறவில்லை. மாம்பழத்தின் மேல் சுசு (டின்னில் வரும் கெட்டியான இனிப்புப் பால்), தர்பூசணியில் ரோஸ் சிரப், டின் லைச்சி அதன் பாகோடு. பழத்தின் ருசி எங்கே போனது? சுசுவில் எடைக்கு ஏறத்தாழப் பாதி சீனி. அதைச் சாப்பிட்ட பிள்ளை கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தாகம் என்று வந்து நிற்கிறது.

எங்கள் வீட்டில் வெயிலுக்கு அம்ராதான், கெடொண்டோங் என்கிற புளிப்புக் காய். பாசாரில் பச்சையாக, கல்லு மாதிரி இருக்கிற காயாகப் பார்த்து வாங்கணும். மஞ்சள் தட்டிவிட்டால் வாசமே வேறு. தோலைச் சீவி, கொட்டையைச் சுற்றிச் சதையை மட்டும் செதுக்கி எடுங்கள். உள்ளே முள்முள்ளாக நார் இருக்கும், கத்தி அதில் தட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம். குளிர்ந்த தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, இரண்டு அசாம்போய் (உப்புப் போட்டு உலர்த்திய புளிப்புப் பிளம்) போட்டு ஊறவிட்டால் முடிந்தது. அந்த உப்பும் புளிப்பும் சேர்ந்து தாகத்தை அடக்குகிற மாதிரி எந்தச் சிரப்பும் அடக்காது.

பட்டர்வொர்த் தம்பி:

மன்னிக்கணும் அக்கா, ஒத்துக்கொள்ள முடியவில்லை. அம்ரா பெரியவர்கள் ருசி. ஆறு வயசுப் பிள்ளை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவிடும். இந்த வெயிலில் பிள்ளை வயிற்றுக்குள் தண்ணீர் போவதுதான் முக்கியம். கொஞ்சம் சிரப் விட்டால் குடிக்கும் என்றால் விடுவதில் என்ன தப்பு?

எல்லாராலும் பெர்லிஸ் மாநிலத்து ஹாருமானிஸ் மாம்பழம் வாங்க முடியுமா? வருஷத்தில் சில மாதம்தான் கிடைக்கும், விலையும் கிட்டே போக முடியாது. நமக்கு மாட்டுகிற மாம்பழம் பாதி நாள் சப்பென்று இருக்கும். அதற்கு ஒரு கரண்டி சுசு விடுவது பாவமில்லை.

இன்னொன்று. சீனியை விரட்டுகிறீர்கள், சரி. அசாம்போய் உப்பில் ஊறிக் காய்ந்ததுதானே? பிரஷர் மாத்திரை போடுகிற மாமாவுக்கு அதை எப்படிக் கொடுப்பீர்கள்?

தண்ணீர்மலைக்காரி:

அவருக்கு அசாம்போய் இல்லாமல் லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை) பிழிந்து கொடுக்கலாம் தம்பி. பிள்ளைகளின் நாக்கு நாம் பழக்குவதுதான். சிரப்போடு பழக்கினால் வெறும் தண்ணீரையே தொடாது.

நிபோங் திபால் டீச்சர்:

இரண்டு பேரும் கிளாஸைத்தான் பேசுகிறீர்கள். வெட்டிய பழத்தை ஏன் யாரும் பேசவில்லை?

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். பழச்சாற்றில் இருக்கும் சீனியையும் குறைக்கவேண்டிய சீனிக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்கள். முழுப் பழத்தில் இருப்பதைச் சேர்க்கவில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராமுக்குள், முடிந்தால் 25. கடையில் ஒரு கிளாஸ் ஆரஞ்சு ஜூஸுக்கு எத்தனை பழம் போகிறது என்று நின்று கவனியுங்கள். அத்தனையையும் உரித்து ஒரே மூச்சில் தின்றுவிடுவோமா?

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருக்கிற பானங்களுக்கு 2019 ஜூலையிலிருந்து வரி போட்டிருக்கிறார்கள், ஆனால் அது அடைத்து விற்பதற்குத்தான். வீட்டு ஜக்கை யாரும் வந்து அளக்கப்போவதில்லை, நாம்தான் பார்த்துக்கொள்ளணும்.

தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். வெட்டிக் குளிரவைத்துக் கொடுங்கள், போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: கிட்னி பழுதானவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள் வருகிற இடத்தில் பிளிம்பிங் பழத்தையும் (நட்சத்திரப் பழம்) அதன் ஜூஸையும் வைக்கவே வேண்டாம். அதில் இருக்கிற நச்சை நல்ல கிட்னி வெளியே தள்ளிவிடும், பழுதான கிட்னியால் முடியாது. விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரைக்கும் போகும், உயிருக்கே ஆபத்து.

ஆயர் ஈத்தாம் அடுப்படி:

டீச்சர் சொன்ன பிளிம்பிங் விஷயத்தை எல்லாரும் வீட்டில் சொல்லி வையுங்கள். ஆனால் விருந்தென்று கூப்பிட்டுவிட்டு வெட்டிய பழத்தை மட்டும் வைத்தால் செய்தவருக்கே திருப்தி இருக்காது. அகர்-அகர் ஜெல்லி இருக்கிறதே! கடற்பாசியில் எடுப்பது, சைவக்காரர்களும் சாப்பிடலாம், நம் சூட்டில் மேசையில் கிடந்தாலும் உருகாது. ஜெலட்டின் இந்த ஊரில் அரை மணி நேரம் தாங்காது. வேகவைக்காத அன்னாசியையோ பப்பாளியையோ போட்டால் அது உறையவும் செய்யாது, அந்தப் பழங்களின் என்சைம் ஜெலட்டினை வெட்டிவிடும். அகர்-அகரை ஒன்றும் செய்யாது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் தூள். தூள் முழுக்கக் கரையும்வரை கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகுதான் பழச்சாற்றை விடணும். புளிப்புச் சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் பிடிப்பு தளர்ந்துவிடும். சாறு ஐஸ் மாதிரி குளிர்ந்திருக்கவும் கூடாது, திட்டுத்திட்டாக உறைந்துபோகும். பழம் இனிப்பாக இருந்தால் சீனி ஒரு கரண்டிகூடத் தேவைப்படாது.

பட்டர்வொர்த் தம்பி:

அகர்-அகருக்கு நான் எதிரி இல்லை அக்கா, தேங்காய்ப்பால் சேர்த்தால் இன்னும் நல்லது. அந்த என்சைம் கதையைக் கேட்டதும் ஒரு சந்தேகம். பப்பாளியில் பால் சேர்த்து அடித்து ஃபிரிட்ஜில் வைத்தால் சாயங்காலம் கசக்கிறதே, அதுவும் இதனாலா?

ஆயர் ஈத்தாம் அடுப்படி:

அதேதான். பாலில் இருக்கிற புரதத்தை வெட்டிக் கசப்பாக்கிவிடும். அடித்த கையோடு குடித்துவிடணும், எடுத்து வைக்கக் கூடாது.

தண்ணீர்மலைக்காரி:

அடுத்த ஞாயிறு பழம் தனியாக, சிரப்பும் சுசுவும் பக்கத்தில் கிண்ணத்தில். வேண்டியவர்கள் தாங்களே விட்டுக்கொள்ளட்டும். டீச்சர் சொன்னது ஞாயம்தான், தர்பூசணியை அரைக்கப்போவதில்லை. அம்ராவை மட்டும் விடமாட்டேன்.

பட்டர்வொர்த் தம்பி:

கிண்ணத்தில் வைக்கச் சம்மதம். ஆனால் நான் கொண்டுவரப்போவது ஐஸ் கச்சாங், சீவிய ஐஸில் செய்கிற இனிப்பு. சுசுவை ஐஸ் சீவும்போதே மேலே விட்டால்தான் உள்ளே இறங்கும், அதைத் தனியாக வைக்கமாட்டேன்.