ரெண்டு டீமுக்கும் 4 பாயிண்ட், நெட் ரன் ரேட்டில் (ஓவருக்கு அடித்த ரன்னில் ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்தது) எங்களைக் கீழே போட்டுவிட்டார்கள். கணக்கு சரிதானா?

பாலக்கோட்டுப் பையன்:
வணக்கம் அண்ணன்களே. எங்கள் பக்கம் காய்ந்த ஏரிக்குள் பத்து ஓவர் டென்னிஸ் பந்து டோர்னமென்ட் நடக்கிறது. குரூப்புக்கு நாலு டீம், முதலில் வருகிற ஒரு டீம்தான் பைனல். எங்களுக்கும் காரிமங்கலம் பசங்களுக்கும் ரெண்டு ரெண்டு வெற்றி. கமிட்டி அண்ணன் போனில் எக்ஸலைத் தட்டி எங்களுக்கு +0.652, அவர்களுக்கு +1.020 என்று சொல்லிவிட்டார். லீக்கில் அவர்களை ஜெயித்ததே நாங்கள்தான், அதற்கு மதிப்பே இல்லையா? முதல் பரிசு கிடா வேறு, ஊரில் யாருக்கும் தூக்கம் இல்லை.

எங்கள் ஸ்கோர்:
1) நாங்கள் 92/5 (10 ஓவர்), எதிரணி 58 ஆல் அவுட் (7.4)
2) காரிமங்கலம் 76/8 (10), நாங்கள் 77/3 (8.2)
3) எதிரணி 88/6 (10), நாங்கள் 70 ஆல் அவுட் (9.1)

அரூர் ஆப் ஸ்பின்:
நேருக்கு நேர் யார் ஜெயித்தார்கள் என்பது நோட்டீஸில் எழுதியிருந்தால்தான் செல்லும் தம்பி. 2019 உலகக் கோப்பையில் லீக் மேட்சில் நியூசிலாந்தை பாகிஸ்தான் அடித்தது. கடைசியில் ரெண்டு பேருக்கும் 11 பாயிண்ட், ஐந்து ஐந்து வெற்றி. நெட் ரன் ரேட் நியூசிலாந்துக்கு +0.175, பாகிஸ்தானுக்கு -0.430. செமிக்குப் போனது நியூசிலாந்து. உங்கள் நோட்டீஸை முதலில் எடுத்துப் படியுங்கள்.

ஸ்கோர் நோட்டு (கிருஷ்ணகிரி):
+0.652 எப்படி வந்தது என்று தெரிகிறது. 10 + 8.2 + 9.1 = 27.3 என்று அப்படியே கூட்டியிருக்கிறார்கள். 8.2 என்றால் எட்டு ஓவர் ரெண்டு பந்து, அதாவது 50 பந்து. எக்ஸலுக்கு அது தெரியாது, பத்தில் ரெண்டு என்று எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் பந்தாக மாற்றிப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. ஆல் அவுட் ஆன டீமுக்கு முழு ஓவரும் ஆடியதாகத்தான் கணக்கு. நீங்கள் 9.1-ல் சுருண்டாலும் 10 ஓவர். 58-க்கு சுருண்ட டீமுக்கு நீங்கள் போட்டதும் 7.4 இல்லை, 10.

நீங்கள் அடித்தது: 92 + 77 + 70 = 239 ரன், 60 + 50 + 60 = 170 பந்து. ஓவருக்கு 8.435.
கொடுத்தது: 58 + 76 + 88 = 222 ரன், 180 பந்து. ஓவருக்கு 7.400.
வித்தியாசம் +1.035.

காரிமங்கலம் ஸ்கோரையும் போடுங்கள், பார்த்துவிடுவோம்.

பாலக்கோட்டுப் பையன்:
எங்களிடம் தோற்றது மேலே இருக்கிறது. மற்ற ரெண்டு: அவர்கள் 84/4 (10), எதிரணி 61/9 (10). அப்புறம் எதிரணி 65/7 (10), அவர்கள் 66/2 (7.5).

ஸ்கோர் நோட்டு (கிருஷ்ணகிரி):
அடித்தது 226 ரன், 60 + 60 + 47 = 167 பந்து: 8.120. கொடுத்தது 203 ரன், 50 + 60 + 60 = 170 பந்து: 7.165. ஆக +0.955. 61/9 ஆல் அவுட் இல்லை, அவர்கள் பத்து ஓவரும் ஆடிவிட்டார்கள், அதனால் அங்கே மாற்றம் கிடையாது.

நீங்கள்தான் மேலே. ஆனால் ஒன்று: பந்துக் கணக்கை மட்டும் திருத்தி, ஆல் அவுட் விதியை விட்டுவிட்டால் உங்களுக்கு +0.667-தான் வரும், காரிமங்கலம்தான் பைனல். எல்லாம் அந்த ஒரு விதியில் தொங்குகிறது.

பென்னாகரம் மச்சான்:
மூணு மேட்சுக்கும் தனித்தனியாகப் போட்டு சராசரி எடுத்தால் போதாதா?

ஸ்கோர் நோட்டு (கிருஷ்ணகிரி):
கூடாது மச்சான். இவர்களுக்கு அப்படிப் போட்டால் +1.080 வரும், காரிமங்கலத்துக்கு +0.862. இங்கே முடிவு மாறவில்லை, வேறு இடத்தில் கவிழ்த்துவிடும். மொத்த ரன், மொத்த ஓவர், கடைசியில் ஒரே ஒரு தடவை கழிக்க வேண்டும்.

அரூர் ஆப் ஸ்பின்:
ஆல் அவுட் விதி ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்), ஐபிஎல் எல்லாவற்றிலும் உண்டு. அதே 2019-ல் வெஸ்ட் இண்டீஸிடம் பாகிஸ்தான் 21.4 ஓவரில் 105-க்கு சுருண்டது. அந்த 105-ஐ 50 ஓவரால் வகுத்தார்கள், ஓவருக்கு 2.10. வெஸ்ட் இண்டீஸ் 13.4 ஓவரில் 108 அடித்து முடித்தது. முதல் மேட்சிலேயே விழுந்த அந்தக் குழியிலிருந்து கடைசிவரை ஏற முடியவில்லை. விதியும் நியாயம்தான். இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி சீக்கிரம் அவுட் ஆகிறவனுக்கு ரன் ரேட் ஏறும்.

ஓசூர் நைட் ஷிப்ட்:
பாவம் காரிமங்கலம். கடைசி மேட்சை 7.5-க்குப் பதில் 7.3-ல் முடித்திருந்தால் +1.053, ரெண்டே பந்து. கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஆட வேண்டும். 2023 ஆசியக் கோப்பையில் லாகூரில் ஆப்கானிஸ்தான் ரன் ரேட்டில் முந்தி அடுத்த சுற்றுக்குப் போக 292-ஐ 37.1 ஓவரில் அடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பந்தில் விக்கெட் போனதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். 37.4-க்குள் 295 எடுத்தாலும் போதும் என்று யாரும் சொல்லவில்லை. ரஷீத் கான் எதிர்முனையில் நிற்க, கடைசி ஆட்டக்காரர் ரெண்டு பந்தைத் தடுத்து, மூணாவதில் அவுட்.

பாலக்கோட்டுப் பையன்:
நோட்டீஸைத் தேடி எடுத்தோம். நேருக்கு நேர் பற்றி ஒரு வரி இல்லை. அடியில் பொடி எழுத்தில் ‘மற்றவை ஐசிசி விதிப்படி’ என்று இருக்கிறது! கமிட்டி அண்ணன் முன்னாலேயே பந்தாகப் போட்டுக் காட்டினோம். காரிமங்கலம் கேப்டனும் தன் போனில் ரெண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பந்துல போச்சேடா” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அரூர் ஆப் ஸ்பின்:
வாய்ப்பேச்சோடு விடாதீர்கள் தம்பி. திருத்திய பட்டியலில் ரெண்டு கேப்டன் கையெழுத்தையும் இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.