மியூசிக்கல் பேக்ரவுண்ட்: "இசைவரத்து" சரிவருமா?

அன்புள்ள நண்பர்களே,

புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை வகையையும் அதன் முன்னோடி பில் மன்ரோவையும் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். ஒருவரின் இசை எங்கிருந்தெல்லாம், யாரிடமிருந்தெல்லாம் வந்தது என்பதைக் குறிக்கும் "மியூசிக்கல் பேக்ரவுண்ட்" என்பதற்கு "இசைவரத்து" என்று போடலாமா என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த மறுமொழிகளுக்கு என் பதில் இது.

> "இசைப் பின்னணி" என்றே போட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் வேறாகப் புரியும். பின்னணி இசை, பின்னணிப் பாடகர் என்று அந்தச் சொல்லைச் சினிமா முழுசாக எடுத்துக்கொண்டுவிட்டது. "பில் மன்ரோவின் இசைப் பின்னணி" என்று தலைப்பு வைத்தால், அவர் ஏதோ படத்துக்கு இசையமைத்தவர் என்றே பலர் நினைப்பார்கள். "பின்புலம்" கொஞ்சம் தேவலை. ஆனால் "அவனுக்கு அரசியல் பின்புலம் இருக்கிறது" என்று சொல்லிச் சொல்லி அதில் ஆள்பலம் என்ற வாடை ஏறிவிட்டது.

> பாடாந்தரம்?

எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அதற்குள் ஒரு குரு உட்கார்ந்திருக்கிறார். இன்னார் வழியில் இந்தக் கிருதி இப்படி வந்தது என்று சொல்வதற்கு ஏற்பட்டது அது. புளூகிராஸ்காரர்களுக்கு அப்படி ஒரு குரு கிடையாது. "பரம்பரை" என்றால் ரத்த உறவு மட்டும் என்றாகிவிடும். "கேள்விஞானம்" எப்படிக் கற்றார் என்பதைச் சொல்கிறது, யாரிடமிருந்து என்பதைச் சொல்லவில்லை.

மன்ரோவையே எடுத்துக்கொள்வோம். 1911இல் கென்டக்கி மாநிலத்து ரோசைன் என்ற சிற்றூரில் எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். பிடிலையும் கிட்டாரையும் அண்ணன்மார் எடுத்துக்கொண்டதால் மாண்டலின் அவர் பங்குக்கு வந்தது. அம்மா பாடுவார், பிடில் வாசிப்பார். பெற்றோர் இருவரும் போன பிறகு தாய்மாமன் பென்டில்டன் வாண்டிவர் வீட்டில் இருந்தார். மாமா ஊர் நடனங்களுக்குப் பிடில் வாசிப்பவர். மருமகன் கூடவே போய்த் துணை வாசிப்பார். தேவாலயத்தில் கூட்டாகப் பாடிய பாட்டுகள் இன்னொரு பக்கம். இத்தனைக்கும் மேல் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர். சுரங்கத் தொழிலாளி, கிட்டாரும் பிடிலும் வாசிப்பவர். அவர் பிடில் வாசித்த நடனங்களில் இளம் மன்ரோ கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிறார். மன்ரோவின் மாண்டலினில் கேட்கிற ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை) சாயலுக்கு ஷுல்ட்ஸுக்குக் கடன்பட்டிருப்பதை மன்ரோவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். "பரம்பரை" என்று எழுதினால் ஷுல்ட்ஸ் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றுவிடுவார். அது எனக்குச் சம்மதமில்லை.

1945 டிசம்பரில் மன்ரோவின் புளூ கிராஸ் பாய்ஸ் குழுவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் சேர்கிறார். வட கரோலினாக்காரர், வயது 21. அதற்குமுன் நூலாலையில் வேலை. பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசித்த அப்பா, ஏர்லுக்கு நாலு வயதிலேயே இறந்துவிட்டார். மூன்று விரலால் பாஞ்சோ மீட்டும் முறை அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இருந்தது. ஸ்க்ரக்ஸ் அதைச் சீராக்கி வேகம் ஏற்றினார். அந்தப் பாஞ்சோவின் மூதாதையோ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம். கிட்டார்க்காரர் லெஸ்டர் ஃபிளாட் டென்னசியைச் சேர்ந்தவர், அவரும் ஆலைத் தொழிலாளிதான். பிடில் சப்பி வைஸ், பேஸ் (கீழ்ச்சுரத் தந்தி வாத்தியம்) ஹோவர்ட் வாட்ஸ், இருவரும் ஃபுளோரிடாவிலிருந்து வந்தவர்கள். வைஸின் வில்லில் ஸ்விங் என்ற நடன இசையின் நெளிவு இருக்கும். இந்த ஐந்து பேரும் 1946, 47இல் செய்த ஒலிப்பதிவுகளைத்தான் புளூகிராஸின் அளவுகோல் என்கிறார்கள்.

ஒவ்வொருவருக்குள்ளும் பல இடத்துத் தண்ணீர் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால்தான் ஏரிப்பாசனச் சொல் ஒன்றை எடுத்தேன்: வரத்து. ஏரிக்கு நீர்வரத்து, அந்த நீர் வரும் கால்வாய்க்கு வரத்துக்கால் என்கிறோம் இல்லையா? அதே போல இசைவரத்து. ஓர் ஏரிக்கு நாலு வரத்து இருக்கலாம், ஒன்று பெரிசு ஒன்று சிறிசாக இருக்கலாம், ஒன்று தூர்ந்தும் போகலாம். சொல்லுக்குள்ளேயே அதற்கெல்லாம் இடம் இருக்கிறது. எழுதிப் பார்த்தேன்:

"மன்ரோவின் இசைவரத்தில் பெரியது தாய்மாமன் பிடில்."
"குழுவினர் ஐவரின் இசைவரத்தும் வேறுவேறு."

உறுத்தவில்லை. "போக்குவரத்து நினைவு வருமே" என்று நேற்றே ஒருவர் தனிமடலில் கேட்டார். வரட்டும். மழைக்காலச் செய்திகளில் "அணைக்கு நீர்வரத்து அதிகரிப்பு" என்று தினமும் படிக்கிறவர்கள் நாம், பழகிவிடும்.

அப்புறம் ஒரு சந்தேகம், இதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. ஷுல்ட்ஸ், வாண்டிவர் போன்ற ஆட்களை "வரத்துக்கால்" என்று சொல்லலாமா? கால்வாய் என்றால் தண்ணீரைக் கடத்திவிடுவதோடு சரி. ஷுல்ட்ஸ் அப்படி வெறுமனே கடத்தியவர் இல்லையே. "ஊற்று" என்று வைத்தால் எப்படி இருக்கும்? பாசனச் சொற்களில் புழங்கியவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், சொல்லுங்கள். கட்டுரையில் அந்த ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.