அம்மாவின் பழைய போனில் லினியேஜ் ஓஎஸ்: பெங்களூரில் யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

வணக்கம். அல்சூரில் இருக்கிறேன். 2020-இல் அம்மாவுக்கு வாங்கிக்கொடுத்த ஆண்ட்ராய்டு போன் இன்னும் கல்லுக்குண்டாக இருக்கிறது. போன மாதம்தான் எஸ்.பி. ரோட்டில் பேட்டரி மாற்றினேன். ஆனால் பாதுகாப்பு அப்டேட் 2023 மார்ச்சோடு நின்றுவிட்டது. சேவை மையத்தில் கேட்டால் புதிய மாடலின் விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள். 2015-இல் வந்த ஃபேர்ஃபோன் 2 என்ற போனுக்கு 2023 வரை அப்டேட் கொடுத்தார்கள். பிக்சல் 8-க்கு ஏழு ஆண்டுகள் என்று கூகுள் அறிவித்தது. எங்கள் போன் என்ன பாவம் செய்ததோ!

லினியேஜ் ஓஎஸ் என்பது தயாரிப்பாளர் கைவிட்ட போன்களிலும் போடக்கூடிய, ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட இலவச இயங்குதளம். அதன் பட்டியலில் இந்த மாடல் இருக்கிறது. அதைப் போட, போன் தொடங்கும்போது முதலில் ஓடும் பூட்லோடர் என்ற நிரலின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பது தெரியும். படங்களைக் கணினியில் ஏற்றிவிட்டேன். என் பயம் வேறு. அம்மா மாதாமாதம் சீட்டுப் பணத்தை யூபிஐ வழியாகத்தான் அனுப்புகிறார். பூட்லோடர் திறந்திருக்கும் போனில் சில வங்கிச் செயலிகள் அடம்பிடிக்கின்றன. சீட்டுத் தேதியன்று பணம் போகவில்லை என்றால் வீட்டில் என் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் போனில் எந்தெந்தச் செயலிகள் ஒழுங்காக ஓடுகின்றன?

இன்னொன்று: மோடம், சிப் ஆகியவற்றுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் நிரல்) மூடிய மென்பொருள். அதைத் தயாரிப்பாளர்தான் புதுப்பிக்க முடியும். அதிலுள்ள பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே இருக்க, மேலே மட்டும் ஒட்டுப்போட்டுப் பயன் உண்டா?

மாடல் பெயரைக் கேட்பவர்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். ஞாயிறு மாலை அல்சூர் ஏரிப் பக்கம் யாராவது வர முடிந்தால் மடிக்கணினியோடு வருகிறேன். காபி என் செலவு.